'லவ்', 'சாரிட்டி' என்னும் இருசொல் வழக்கு

ஒருபொருள் குறித்த பல சொற்கள் ஒரு மொழியில் உளவாதல் அம்மொழிக்குச் செல்வமென்றே யாவருங் கூறுவர். கிளி, கிள்ளை, தத்தை, சுகம் என்பன ஒரு பறவையையே குறித்தலும், அவற்றுள் யாதொன்றைக் கொள்ளினும் பொருள் பிறழாமையும் தமிழ் கற்பார் நன்கறிந்தன. காட்சிப்பொருளாகிய பறவைக்குப் பொருந்திய இம்முறை கருத்துப்பொருளைக் குறிக்குஞ் சொற்களுக்கும் பொருந்துமோ எனின், பொருந்தாது என்க. என்னை? பறவையைக் கண்ணே காட்டும்; கருத்தையோ சொல்லே காட்டல் வேண்டும். ஆண்டுச் சொல் மாறுமாயின் கருத்தும் சிறிது மாறியே நிற்கும். இவ்வுண்மை ஆங்கிலமொழியில் மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது.

ஆங்கிலம் மூன்று கால்களினின்று நீர்பெற்ற ஏரியை ஒப்பது. நாட்டுமக்களுடைய பழஞ்சொற்கள் ஒரு கால். 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவை, நீதிமன்றம் முதலியவற்றின் வழியாகப் புகுந்த பிரெஞ்சுச் சொற்கள் மற்றொரு கால். கற்றோர் இலத்தீனினின்று நேரே எடுத்தாண்டன மூன்றாவது கால். இதனால், கேட்டல் என்னும் ஒரு தொழிற்கே 'ஆஸ்க்', 'குவெஸ்சன்', 'இன்டராகேட்' என மூன்று சொற்கள் அமைந்தன. குழந்தை தாயைக் கேட்பது முதற்சொல்லின் இடம். ஆசிரியர் மாணாக்கனை வினவுவது இரண்டாவதன் இடம். காவலர் கைதியைத் துருவி விசாரிப்பது மூன்றாவதன் இடம். இவற்றை இடம் மாற்றி வைப்பின், குழந்தை தாயைக் கைதியாக்கி விசாரித்ததாக முடிந்து நகைக்கு ஏதுவாகும்.

இவ்வகைச் சொற்களைத் தெரிந்தெடுக்கும் முறைமை கூற ஆங்கிலத்தில் நூல்கள் பல எழுந்தன. ஹெஸ்டர் பியோசி என்னும் அம்மையார் 1794-ஆம் ஆண்டிலும், ஜார்ஜ் கிராப் என்பார் 1816-ஆம் ஆண்டிலும் ஒத்த பொருட்சொற்களின் நுண்ணிய வேறுபாடுகளை விரித்தெழுதினர். மருத்துவராகிய பீட்டர் மார்க் ரோஜெட் 1852-ஆம் ஆண்டில் வெளியிட்ட சொற்களஞ்சியம், சொற்களைக் கருத்துவகையாற் குழுப்படுத்திக் காட்டியது. இன்ன இடத்திற்கு இன்ன சொல் உரியதென அது விதந்து கூறாது, தெரிவைக் கற்பவனுக்கே விட்டது. பவுலர் சகோதரர் இருவர் 1906-ஆம் ஆண்டில் இயற்றிய உரைநடையிலக்கண நூலில், இலத்தீன்வழிச் சொல்லினும் நாட்டுப் பழஞ்சொல்லையே கொள்க என்பதையும் விதிகளுள் ஒன்றாக வைத்தனர். இவையெல்லாம் பயனுடையனவே. ஆயினும், அகராதியும் பொதுவிதியும் மாத்திரமே சொற்றெரிவிற்குப் போதா என்பதனை, ஆங்கிலநாட்டில் 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு பெருவழக்குக் காட்டும். அவ்வழக்கில் எதிர்நின்றோர் வில்லியம் டிண்டேல், தாமஸ் மோர் என்னும் இருவர். வழக்கிடைப்பட்ட சொற்களுட் சிறந்தன 'லவ்', 'சாரிட்டி' என்னும் இரண்டு.

வழக்கின் வரலாறு வருமாறு. கிறித்தவ வேதத்தை அதிகாரிகளின் இசைவின்றி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தல் இங்கிலாந்தில் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கமுதல் விலக்கப்பட்டிருந்தது. எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் 1516-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை அச்சிட்டு, அதனருகே தாமே திருத்திய இலத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்டார். டிண்டேல் அக்கிரேக்க மூலத்தைக்கொண்டு ஆங்கிலத்திற் பெயர்த்து, 1526-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சிட்டு முடித்தார். படிகள் மறைவாக இங்கிலாந்திற்குச் சென்றன. இலண்டன் பேராயராகிய கத்பெர்ட் டன்ஸ்டல் அவற்றைத் தொகுத்து எரிப்பித்தார். அப்பதிப்பின் படிகளுள் இன்று அறியப்பட்டன மூன்றே.

டிண்டேல் மேற்கொண்ட சொற்றெரிவே பெரும்பூசலுக்குக் காரணமாயிற்று. 'அகாபே' என்னுங் கிரேக்கச் சொல்லுக்குச் சபையில் வழங்கிய 'சாரிட்டி' என்பதனை விடுத்து 'லவ்' என்றார். 'எக்லேசியா' என்பதற்குச் 'சர்ச்' என்னாது 'காங்கிரிகேஷன்' என்றார். 'பிரெஸ்புத்தரோஸ்' என்பதற்குப் 'பிரீஸ்ட்' என்னாது முதலிற் 'சீனியர்' எனவும், 1534-ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பில் 'எல்டர்' எனவும் வைத்தார். 'மெட்டனோயா' என்பதனைப் 'பெனன்ஸ்' என்னாது 'ரிப்பென்டன்ஸ்' என்றார். முன்னது குருவின் ஆணைப்படி செய்யுங் கழுவாயையும், பின்னது உள்ளந் திரும்புதலையும் முதன்மையாகக் காட்டுவன. சொற்கள் நான்கே, ஆயினும் குருமாரது அதிகாரம், சபையின் இயல்பு, பாவநீக்கத்தின் முறை, அன்பின் தன்மை ஆகிய நான்கும் அவற்றில் தொங்கி நின்றன. அகராதி நோக்கில் அணுவளவாகத் தோன்றும் வேற்றுமை, சமயநோக்கில் மலையளவாயிற்று.

தாமஸ் மோர் 1529-ஆம் ஆண்டில் மறுப்புநூல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அவர் அரசனது தலைமை நீதியமைச்சராயினார். 'பிரீஸ்ட்', 'சர்ச்', 'சாரிட்டி' என்னும் மூன்றினும் டிண்டேல் பிழைத்தார் என்பது அவர் கூற்று. அவற்றுட் 'சாரிட்டி' பற்றி அவர் காட்டிய ஏது கூர்மையுடையது. 'லவ்' என்பது நல்லதற்குந் தீயதற்கும் பொதுவாக நிற்குஞ் சொல். காமுகனது விழைவும் அதனுள் அடங்கும். 'சாரிட்டி' என்பதோ கடவுளிடத்தும், அவர்பொருட்டுப் பிறரிடத்துஞ் செல்லும் நல்லன்பிற்கே உரியது. ஆகலின், சாரிட்டியெல்லாம் லவ் ஆம். லவ் எல்லாம் சாரிட்டி ஆகா. சிறந்த பொருளுக்கு வரையறுத்த சிறப்புச்சொல் இருப்ப, அதனைக் கைவிட்டுப் பொதுச்சொல்லைக் கொள்வானேன் என்பது மோரின் வினா.

டிண்டேல் 1531-ஆம் ஆண்டில் மறுமொழி எழுதினார். அவர் கூறியவற்றின் சாரம் மூன்று. முதலாவது, மக்கள் பேசும் ஆங்கிலத்திற் 'சாரிட்டி' என்பது அவ்வுயர்ந்த பொருளில் வழங்கவில்லை. பிச்சையிடுதல், இரங்குதல், அயலாரோடு பகையின்றிப் பொறுத்திருத்தல் என்னும் பொருள்களிலேயே வழங்குகின்றது. இரண்டாவது, அச்சொல்லுக்கு வினைவடிவம் இல்லை. கடவுளிடத்து அன்புசெய்க, அயலானிடத்து அன்புசெய்க என ஏவுமிடத்து 'லவ்' என்பதே வினையாய் நிற்கும். 'சாரிட்டி' அங்ஙனம் நில்லாது. மூலத்திற் பெயரும் வினையும் ஓரடியிற் பிறந்திருப்பப் பெயர்ப்பில் அவை உறவற்றுப் போதல் தகாது. மூன்றாவது, பொதுச்சொல் தீப்பொருளையுந் தரும் என்னும் அச்சம் வேண்டா. எவ்வகை அன்பு கூறப்பட்டதென்பதனை அவ்விடமே தெரிவிக்கும். கிரேக்கச் சொல்லும் கிறித்தவர் கைக்கொள்ளுமுன் பொதுச்சொல்லாகவே இருந்தது என்பதும் அவர் துணிபு.

இதற்கு மோர் 1532, 1533-ஆம் ஆண்டுகளில் விரிந்த மறுப்பொன்று எழுதினார். எழுதியும் இருவர்க்குள் உடன்பாடு பிறந்திலது. அரசனே சபைக்குத் தலைவன் என்னும் ஆணையை ஏற்காமையால் மோர் 1535-ஆம் ஆண்டில் தலை வெட்டப்பட்டார். டிண்டேல் அவ்வாண்டிலேயே ஆண்ட்வெர்ப்பு நகரிற் காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறையுற்று, 1536-ஆம் ஆண்டில் வில்வோர்டு என்னும் ஊரிற் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். இருவர் மாய்ந்ததும் இச்சொற்பூசலால் மாத்திரம் அன்று. எனினும், தாங்கொண்ட பொருளைச் சொல்லளவிலும் நெகிழ விடாத உறுதி இருவர்க்கும் பொதுவாதலின், ஒருவரை இகழ்ந்து மற்றொருவரைப் புகழ்தல் ஆராய்ச்சியாகாது. இருவர் கூற்றையும் சொன்னிலைகொண்டு நோக்குதலே முறை.

மோரின் கூற்றில் உண்மை உளது. இரு சொற்களும் ஒருபொருளன அல்ல என்பதும், 'சாரிட்டி' சிறப்புச்சொல் என்பதும் மறுக்கவொண்ணாதன. தமிழிலும் அன்பு, அருள் என்பன ஒன்றாகத் தோன்றி வேறாதலைத் திருக்குறள் இல்லறவியலில் அன்புடைமையையும் துறவறவியலில் அருளுடைமையையும் வைத்துக் காட்டிற்று. தொடர்புடையார்மேற் செல்வது அன்பு எனவும், தொடர்பு நோக்காது எல்லாவுயிர்மேலுஞ் செல்வது அருள் எனவும் பரிமேலழகர் வரைந்தார். இவ்வேறுபாட்டை அறியாது ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைப்பான் நூற்பொருளைக் குலைத்தவனாவான். மோர் தம் மொழியில் இத்தகைய வரம்பைக் காக்க முயன்றார் என்றல் பொருந்தும்.

ஆயின், வரம்பு நூலோர் உள்ளத்தில் மாத்திரம் இருந்தாற் போதாது; வழங்குவோர் நாவிலும் இருத்தல் வேண்டும். அருள் என்பதனைத் தமிழர் இன்றும் உயர்ந்த பொருளிலேயே வழங்குகின்றனர். ஆதலின் அவ்வரம்பு நிற்கின்றது. 'சாரிட்டி'யின் நிலை அதுவன்று. அதற்கு ஒப்புக் காட்டல் வேண்டின் 'தருமம்' என்னுஞ் சொல்லைக் கொள்க. நூல்களில் அது நீதி, கடமை, ஒழுக்கம் முதலிய பலவற்றையுந் தழுவிய பெருஞ்சொல். வாயிலில் நின்று 'தருமம் போடுங்கள்' என்பான் வாயிலோ அது ஒரு காசளவாகச் சுருங்கியது. 'தன் பொருளனைத்தையும் ஏழைகட்குக் கொடுத்தும் தருமம் இல்லாதவன்' என ஒருவர் எழுதின், பொதுமக்கள் அதனை மாறுகொளக் கூறலென்றே கருதுவர். ஆங்கிலத்தில் நேர்ந்ததும் இதுவே. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தில், உடைமை முழுவதும் ஏழைகளை ஊட்டக் கொடுத்தாலும் 'அகாபே' இல்லையேற் பயனில்லை என்னுங் கருத்து வருகின்றது. ஆண்டுச் 'சாரிட்டி' என வைப்பின், ஈந்தும் ஈகையிலன் என்றாற்போலப் பொருள் முரணும். கொடைக்கு மேற்பட்டதொன்றைக் கூறவந்த இடத்திற் கொடையின் பெயரே நிற்குமாயின், கேட்போன் கருத்தை எங்ஙனம் எட்டுவான்?

அஃதேல், 'லவ்' என்பதும் இழிந்த பொருளிற் செல்லுகின்றதே எனின், அக்குற்றம் அத்துணைப் பெரிதன்று. பலபொருள் ஒருசொல் வினை, சார்பு, இனம், இடம் என்பவற்றால் ஒருபொருட்கு வரையறைப்படும் என்பது தமிழிலக்கணம். 'மா பூத்தது' என்றவிடத்து மரமும், 'மா ஓடிற்று' என்றவிடத்து விலங்கும் தாமே பெறப்படும். டிண்டேல் கூறிய மூன்றாம் ஏதுவும் இவ்விலக்கணமே. பொதுச்சொல்லை இடம் குறுக்கும். சுருங்கிய சிறப்புச்சொல்லை இடம் விரிக்கமாட்டாது. காமம் பேசும் நூலில் 'லவ்' காமமாம். கடவுளன்பு பேசும் நூலில் அதுவே கடவுளன்பாம். பிச்சையளவாகச் சுருங்கிய சொல்லைக் கடவுளன்பு பேசும் இடத்தில் வைப்பினும், அது தான் தாங்கிவந்த பிச்சைப்பாத்திரத்தைக் கீழே வையாது. சொற்றெரிவிற் பெறப்படுந் தலையாய நெறி இது. தமிழ்மக்கள் தம் பேச்சில் 'லவ்' என்பதனைக் காதல் ஒன்றற்கே வழங்குதல்பற்றி ஆங்கிலச் சொல்லையும் அத்துணைச் சிறிதாக எண்ணற்க. கடன்கொண்ட இடத்திற் சுருங்கிய சொல் பிறந்த இடத்தில் விரிந்தே கிடக்கின்றது.

இலத்தீன் வழக்கும் டிண்டேலுக்குத் துணைசெய்கின்றது. திருச்சபை போற்றிய வுல்காத்து என்னும் இலத்தீன் வேதம், 'அகாபே' என்பதனைச் சிலவிடத்துக் 'காரிதாஸ்' எனவும் சிலவிடத்து 'திலெக்தியோ' எனவும் பெயர்த்தது. முற்கூறியதினின்று வந்ததே 'சாரிட்டி' என்பது. அகஸ்தீன் என்னும் பேராசிரியரும் 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் 14-ஆம் பகுதியில் 'அமோர்', 'திலெக்தியோ', 'காரிதாஸ்' என்னும் மூன்றையும் எடுத்து, நல்லதற்கு ஒன்று தீயதற்கு ஒன்று என வேதம் பிரித்தாளவில்லை என்று நிறுவினார். திருச்சபையின் பேராசிரியரே இங்ஙனம் கூறியிருப்ப, ஒரு சொல்லைத் துறந்தமை ஒன்றே கொண்டு ஒருவரைக் கொள்கை திரிந்தவர் என்றல் வலியுடைத்தன்று.

மோரின் வாதத்திற் பிறிதொரு தளர்ச்சியும் உளது. எராஸ்மஸும் 'எக்லேசியா' என்பதற்குச் சிலவிடத்துக் 'காங்கிரிகாத்தியோ' என இலத்தீனில் வைத்துள்ளாரே, அவர் நும் நண்பராதலின் விடுத்தீரோ எனும் வினாவை டிண்டேல் எழுப்பினார். எராஸ்மஸிடத்துத் தீய உட்கோள் இல்லை, டிண்டேலிடத்து உண்டு என்பது மோர் தந்த விடை. ஒரு சொல் ஒருவர் வாயிற் குற்றமற்றதாகவும் மற்றொருவர் வாயிற் குற்றமுடையதாகவும் ஆமாயின், குற்றம் சொல்லினதன்று, சொல்லுவோனது என்பதே முடிபு. அங்ஙனமாயின் சொல்லாராய்ச்சியாகத் தொடங்கிய வழக்கு உள்ளத்தை ஆராயும் வழக்காக மாறிவிடும். அதற்கு அகராதி சான்றாகாது. கற்றோர்மட்டும் படிக்கும் இலத்தீனிற் சொல்லொன்றை மாற்றுதலும், உழவனும் கேட்கும் ஆங்கிலத்தில் மாற்றுதலும் விளைவால் வேறுபடும் என்பது மோரின் சார்பிற் கூறத்தக்கதே. டிண்டேலின் சொற்றெரிவு சமயநோக்கம் சிறிதுமின்றி நிகழ்ந்தது என்றலும் உண்மையாகாது. நான்கு சொற்களும் ஒரே திசை நோக்கினமை அதனை வெளிப்படுத்தும்.

இனி, முற்கூறிய நெறி 'சர்ச்', 'காங்கிரிகேஷன்' என்னும் இணையிற் பொய்ப்பதுபோலத் தோன்றும். மக்கட்கூட்டத்தைக் குறிக்கும் 'எக்லேசியா'வுக்குக் கூட்டம் எனப் பொருள்படும் பொதுச்சொல்லே ஏற்றது. அப்போஸ்தலர் நடபடிகளின் 19-ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்தார் கூடிய கூட்டத்திற்கும் மூலத்தில் அச்சொல்லே வருகின்றது. அங்ஙனமாகவும் ஆங்கிலத்தில் வென்றது 'சர்ச்' என்பதே. இஃது எங்ஙனம் எனின், கூறுதும் காரணம். 'சர்ச்' என்பது ஆண்டவனுக்குரிய இல்லம் என்னும் பொருளிற் பிறந்து, பின் இடவாகுபெயராய் அதன்கட் கூடுவாரையும், அவர்தம் சமுதாயத்தையும் உணர்த்தி நெடுங்காலம் வழங்கியது. 'ஊர் திரண்டது' என்றவிடத்து ஊர் மக்களைக் குறித்தல்போல என்க. ஒரு சொல்லை இடம் விரிக்கமாட்டாதாயினும் மரபு விரிக்கும். 'சர்ச்' மரபினால் விரிந்துகொண்டிருந்த சொல். 'சாரிட்டி' மரபினாற் சுருங்கிக்கொண்டிருந்த சொல். ஆகவே, சொல் இன்று நிற்கும் இடத்தை மாத்திரம் நோக்காது, அது செல்லும் திசையையும் நோக்குதல் சொற்றெரிவார்க்குக் கடனாம். நாட்டுச்சொல்லையே கொள்க என்னும் பவுலர் விதியும் ஈண்டுத் துணைசெய்யாது. என்னை? டிண்டேல் ஓரிடத்து இலத்தீன்வழிச் சொல்லை நீக்கி 'லவ்' என்னும் பழஞ்சொல்லைக் கொண்டார். மற்றோரிடத்துச் 'சர்ச்' என்னும் பழஞ்சொல்லை நீக்கிக் 'காங்கிரிகேஷன்' என்னும் இலத்தீன்வழிச் சொல்லைக் கொண்டார். முன்னது நிலைத்தது, பின்னது நிலைத்திலது. ஆயினும் நிலைத்தமைக்கும் நிலையாமைக்கும் காரணம் சொற்களின் குலம் அன்று, அவற்றின் வழக்கேயாம்.

சர்ச் என்பது வென்றமைக்கு அரசாணையும் ஒரு துணையாயிற்று. ஜேம்ஸ் மன்னன் 1604-ஆம் ஆண்டிற் புதிய மொழிபெயர்ப்பிற்கு இசைந்தபோது, மொழிபெயர்ப்பாளர்க்கு வகுக்கப்பட்ட விதிகளுள், சபையின் பழஞ்சொற்களைக் காக்க, 'சர்ச்' என்பதனைக் 'காங்கிரிகேஷன்' எனப் பெயர்க்கற்க என்பதும் ஒன்று. 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு டிண்டேலுடைய சொற்களையும் தொடர்களையும் மிகுதியாகத் தழுவியது. 'எல்டர்', 'ரிப்பென்டன்ஸ்' என்பவற்றையும் ஏற்றது. 'அகாபே' என்பதனைப் பொறுத்தவரை அது நடுவே நின்றது. 86 இடங்களில் 'லவ்' எனவும், 27 இடங்களிற் 'சாரிட்டி' எனவும் பெயர்த்தது. கொரிந்தியர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் சாரிட்டியின் பங்கிலும், கடவுளே அன்பெனக் கூறும் யோவான் முதல் நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் லவ்வின் பங்கிலும் வீழ்ந்தன.

இவ்வாறு ஒரு மூலச்சொல்லைப் பல சொற்களாற் பெயர்த்தலுக்கு அம்மொழிபெயர்ப்பாளர் தம் முன்னுரையிற் காரணங் கூறியுள்ளனர். ஒருமுறை 'பர்ப்பஸ்' எனின் பின் 'இன்டென்ட்' எனலாகாதோ, ஒருமுறை 'பெயின்' எனின் பின் 'ஏக்' எனலாகாதோ, ஒருமுறை 'ஜாய்' எனின் பின் 'கிளாட்னஸ்' எனலாகாதோ என வினவி, சொற்கட்டிற்கு அடிமைப்படோம் என்றனர். நோக்கமும் எண்ணமும், நோவும் வலியும், களிப்பும் மகிழ்வும் என்னும் இணைகளில் இவ்வுரிமை கொள்ளத்தக்கதே. செவிக்கின்பமும் மொழிவளமும் அதனாற் பெருகின. நூலின் முதன்மைப் பொருளைத் தாங்கிய சொல்லிலும் இவ்வுரிமையைச் செலுத்தியது குற்றமாம். இரண்டு அதிகாரங்களும் ஒரே 'அகாபே'யைப் பேசுகின்றன என்பதனை ஆங்கிலம் மட்டும் அறிந்தான் ஒருவன் அறிய வழியின்றாயிற்று. மாலையின் பூக்களை மாற்றலாம். நாரை இடையில் அறுத்தல் ஆகாது.

பின்வந்த காலம் இவ்வழக்கிற்குத் தீர்ப்பளித்தது. 1611-க்குப் பத்தாண்டுகட்கு முன்னரே, 1601-ஆம் ஆண்டில் எலிசபெத்து அரசியார் காலத்துச் சட்டமொன்று 'சாரிட்டி'க்குரிய செயல்களை அடுக்கிக் கூறியது. முதியோர்க்கும் வறியோர்க்கும் உதவுதல், கல்விச்சாலைகளைப் பேணுதல், பாலங்களையும் சாலைகளையும் செப்பனிடுதல் என்பன அவற்றுட் சில. 1853-ஆம் ஆண்டில் அறநிலையங்களை மேற்பார்க்க ஆணையமொன்று அச்சொல்லையே பெயராகத் தாங்கி எழுந்தது. இன்றைய ஆங்கிலத்திற் 'சாரிட்டி' எனின் பதிவுபெற்ற அறநிலையமோ, அதற்கு ஈயும் பொருளோதான் முதற்கண் நினைவிற்கு வரும். இரக்கமற்ற குளிர்ச்சிக்குச் சாரிட்டியையே உவமை கூறும் வழக்கும் ஆங்கிலத்தில் உளது. அன்பின் வெம்மைக்கு வைத்த பெயர் குளிருக்கு உவமையாயிற்றெனின், அதன் வீழ்ச்சிக்கு வேறு சான்று வேண்டுமோ? 1881-ஆம் ஆண்டில் வெளியான திருத்தப்பட்ட புதிய ஏற்பாட்டில், அறிஞர் 13-ஆம் அதிகாரத்திற் சாரிட்டியை நீக்கி லவ் என்பதனையே மீட்டும் வைத்தனர். டிண்டேல் எரிக்கப்பட்டு 345 ஆண்டுகள் கழிந்தபின் அவர் சொல் அவ்விடத்திற்கு மீண்டது. தமிழ் வேதத்திலும் அவ்வதிகாரத்தில் 'அன்பு' என்பதே நிற்கின்றது.

இதனால் மோர் முழுதும் தோற்றார் என்றலுங் கூடாது. சி. எஸ். லூயிஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1960-ஆம் ஆண்டில் அன்பின் நான்கு வகைகளை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். இல்லத்துப் பற்று, நட்பு, காதல் என்பவற்றை முறையே ஆராய்ந்து, நான்காவதாகிய கடவுட்சார்பான அன்பைக் கூறவந்தவிடத்து அதற்கு அவர் இட்ட தலைப்புச் 'சாரிட்டி' என்பதே. வகைபிரித்துக் கூறும் நூலிற் சிறப்புச்சொல் இன்றியமையாதது என்னும் மோரின் கருத்து ஈண்டு உயிர்பெற்றது. ஆயின், நான்கினையும் அடக்கி நூற்பெயரில் நின்ற சொல் 'லவ்' என்பதனையும் மறத்தல் ஆகாது. சாரிட்டியெல்லாம் லவ் ஆம் என்று மோர் தாமே உடன்பட்டதும் அதுவே.

இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவன சில. ஒத்த பொருட்சொற்களுள் ஒன்றைத் தெரிவான், அவை கற்றோர் நூலில் யாது பொருளன என்பதனோடு, கேட்போர் நாவில் யாது பொருளன என்பதனையும் ஆராய்க. பெயரோடு வினையும், வினையோடு பிற வடிவமும் ஒத்து வருமோ என நோக்குக. சொல் விரியுந் திசையிற் செல்கின்றதோ, சுருங்குந் திசையிற் செல்கின்றதோ என உணர்க. அணியின்பொருட்டுச் சொல் மாற்றலாகும் இடத்தையும், பொருளின்பொருட்டு மாற்றலாகா இடத்தையும் பிரித்தறிக. ஆங்கிலத்தினின்று தமிழிற்கும், தமிழினின்று ஆங்கிலத்திற்கும் சாத்திரப்பொருளைக் கொண்டுசெல்ல முயல்வோர் அகராதியில் அருகருகே நிற்குஞ் சொற்களுள் முதலிற் கண்டதை எடுத்தாளும் வழக்கம் இன்றும் மிகுதி. அருளையும் அன்பையும் ஈகையையும் ஒரே ஆங்கிலச் சொல்லாற் கூறுவாரும், ஒரே ஆங்கிலச் சொல்லைப் பக்கத்திற்கொரு தமிழ்ச்சொல்லாற் பெயர்ப்பாரும் உளர். அன்னோர் இவ்விருவர் வழக்கினை ஒருமுறை எண்ணிப்பார்ப்பாராக. ஒரு சொல்லின் இடத்தில் மற்றொரு சொல்லை வைத்தற்காக ஒருவர் நாடு துறந்து திரிந்தார். அது வையாதிருத்தற்காக மற்றொருவர் பன்னூறு பக்கம் எழுதினார். அவர்கள் அறிந்தது ஒன்றே: சொல் இரண்டாயின் பொருளும் இரண்டே.